காசுக்காரர் மேசை: எடுத்துப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிகள்மேல் கோபம் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பைபிளில் வரும் எருசலேம் ஆலயத்துக் காசுக்காரர்களை இழுத்து வருவார். தவக்காலப் பிரசங்கத்தில் வருவார்கள், வட்டிக்கு எதிரான கட்டுரையில் வருவார்கள், வாட்ஸப்பில் சுற்றும் வங்கிச் சதி வீடியோவில் கட்டாயம் வருவார்கள். 2011 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தை முன்னால் கூடாரம் போட முடியாமல்போன போராட்டக்காரர்கள், பக்கத்திலிருந்த புனித பவுல் பேராலய வாசலில் போட்டார்கள். அவர்களைப் பலவந்தமாக வெளியேற்றும் நிலை வரலாம் என்று அந்தப் பேராலயத்தின் குருக்களில் ஒருவரான ஜைல்ஸ் ஃப்ரேசர் பதவி விலகினார். இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான மேடை அமையாது.

கதை சின்னது. இயேசு ஆலயத்துக்குள் போகிறார், விற்கிறவர்களையும் வாங்குகிறவர்களையும் துரத்துகிறார், காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்க்கிறார். நான்கு சுவிசேஷங்களிலும் சம்பவம் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இல்லை. சவுக்கு யோவானில் மட்டும்தான். லூக்கா காசுக்காரரைக் குறிப்பிடவே இல்லை, விற்பவர்களோடு நிறுத்திக்கொள்கிறார். மற்ற மூவரும் இயேசுவின் கடைசி வாரத்தில் வைக்கும் சம்பவத்தை யோவான் தொடக்கத்திலேயே, இரண்டாம் அதிகாரத்திலேயே வைக்கிறார். நாலையும் ஒன்றாகக் கலந்து, அதில் நம் ஊர்க் கந்துவட்டிக்காரரின் முகத்தையும் ஒட்டிப் பேசுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு அதுவேதான். அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அங்கே செய்த வேலை கடன் கொடுப்பது இல்லை, நாணயம் மாற்றுவது. யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் ஒவ்வொரு ஆணும் அரைச் சேக்கல் (சேக்கல் என்பது அன்றைய வெள்ளி அளவு) செலுத்தச் சொல்கிறது. இரண்டாம் ஆலயக் காலத்தில் அது வருடாந்தர ஆலய வரியாகிவிட்டது. பாபிலோனியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் சின்ன ஆசியாவிலிருந்தும் வரும் யூதர்களின் கையில் அவரவர் ஊர்க் காசு இருக்கும். ஆலயமோ இன்றைய லெபனானில் உள்ள தீரு நகரத்து வெள்ளிக்காசின் தரத்தில்தான் கணக்குப் பார்த்தது. இடையில் ஒருவர் மாற்றித் தராமல் அந்த வரியைக் கட்டவே முடியாது.

இங்கே பக்தியான ஒரு விளக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது: ரோமக் காசில் பேரரசன் உருவம் இருந்தது, அது விக்கிரகம், அதனால்தான் 'சுத்தமான' காசாக மாற்றினார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீருவின் சேக்கலை எடுத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற புறஜாதித் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. விக்கிரகம்தான் பிரச்சினை என்றால் இந்தக் காசுதான் முதலில் வெளியே போயிருக்க வேண்டும். இதன் மதிப்பு வெள்ளியில் இருந்தது. சுமார் 14 கிராம் எடை, 90 விழுக்காட்டுக்கு மேல் சுத்த வெள்ளி. ரோம ஆட்சியில் இருந்த அந்தியோகியாவில் அச்சான காசுகள் அந்தத் தரத்துக்கு வரவில்லை. ஆலய நிர்வாகம் உருவத்தைக் கண்டுகொள்ளாமல் உலோகத்தைப் பார்த்தது. இயேசுவின் சீடர் பேதுருவிடம் இந்த வரியைக் கேட்டபோது மீன் வாயில் கிடைத்ததும் இந்த அளவுக் காசுதான். மத்தேயு 17இன்படி ஒரே காசு இரண்டு பேருக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்தது, காசுக்காரர் எல்லாருமே கொள்ளைக்காரர் என்று முடிவுகட்டுவது. யூத மத அறிஞர்களான ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஷெகாலிம் என்று ஒரு பகுதி முழுக்க இந்த வரியைப் பற்றித்தான். யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 15ஆம் தேதி வெளியூர்களில் மேசை போடுவார்கள், 25ஆம் தேதி ஆலயத்தில் போடுவார்கள் என்று அது சொல்கிறது. கமிஷனுக்கு 'கொல்போன்' என்று பெயர். ரபி மேயீர் கணக்கில் அது ஒரு மாஆ என்ற சின்ன வெள்ளிக்காசு, மற்ற ஞானிகள் கணக்கில் அதில் பாதி. அரைச் சேக்கலில் 12 மாஆ அடக்கம். ஆகவே கமிஷன் ஏறத்தாழ 4 முதல் 8 விழுக்காடு. ஏழைக்காகவோ அண்டை வீட்டுக்காரனுக்காகவோ நீங்கள் வரி கட்டினால் அந்தக் கமிஷன் கிடையாது. அதையே கடனாகக் கொடுத்தால் உண்டு. இந்தப் பணம் கடைசியில் யாருக்குப் போனது என்பதில் ரபிகளுக்குள்ளேயே தகராறு. காசுக்காரரின் கூலி என்றார் ஒருவர், ஆலயக் கருவூலத்துக்கு என்றார் இன்னொருவர், சாலைச் செலவுக்கு என்றும் ஒரு கருத்து உண்டு. மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில். அதனால் இதையெல்லாம் இயேசு காலத்து ரசீது மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் விதியும் வரம்பும் உள்ள தொழிலாகத்தான் மரபு இதை நினைவில் வைத்திருக்கிறது.

அப்படியானால் கோபம் எதன்மேல்? பிரசங்கங்கள் காசுக்காரர் மேசையோடு நின்றுவிடுகின்றன. அடுத்த சொற்றொடரையும் படிக்க வேண்டும்: 'புறா விற்கிறவர்களின் ஆசனங்கள்'. புறா ஏழைகளின் காணிக்கை. பிள்ளை பெற்ற பெண் ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதியில்லாவிட்டால் இரண்டு புறா கொண்டுவரலாம் என்கிறது லேவியராகமம் 12. லூக்கா 2இல் மரியாளும் யோசேப்பும் கொண்டுவந்தது அந்த ஏழைக் காணிக்கையைத்தான்.

இந்தப் புறா விலை பற்றி மிஷ்னாவில், கெரிதோத் பகுதியில், ஒரு சம்பவம் இருக்கிறது. எருசலேமில் ஒரு ஜோடிப் பறவையின் விலை ஒரு பொன் தினாருக்கு ஏறிவிட்டது. ரபான் சிமியோன் பென் கமாலியேல், 'இந்த ஆலயத்தின்மேல் ஆணை, ஒரு ஜோடி வெள்ளி தினாருக்கு வரும்வரை இன்றிரவு தூங்க மாட்டேன்' என்று சபதம் போட்டார். வியாபாரிகளை அவர் அடிக்கவில்லை, விலை வரம்பும் போடவில்லை. நீதிமன்றத்துக்குள் போய், பல பிரசவங்களுக்குக் காணிக்கை பாக்கி வைத்திருக்கும் பெண் ஒன்றே ஒன்று செலுத்தினால் போதும், மற்றவை அவள்மேல் கடமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அன்றே ஜோடி கால் தினாருக்கு விழுந்தது. ஒரு பொன் தினார் 25 வெள்ளி தினார் என்பதால் விலை நூறில் ஒரு பங்காகிவிட்டது. எண்களில் கதைசொல்லியின் கைவண்ணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நோயை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள்: வாங்கியே ஆக வேண்டும், இங்கேதான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம்தான் விலையை ஏற்றியது. கட்டாயத்தைத் தளர்த்தியதும் விலை தானாக இறங்கிவிட்டது.

இயேசுவின் செயலுக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. ஆலயம் அழியப்போகிறது என்பதன் தீர்க்கதரிசன அடையாளமே அது என்று படிக்கும் அறிஞர்கள் பலர். மாற்கு இந்தச் சம்பவத்தை இயேசு சபித்த அத்திமரம் பட்டுப்போகும் கதைக்கு நடுவில் செருகியிருப்பது அதற்கு வலு சேர்க்கிறது. இயேசு சொல்லும் 'கள்ளர் குகை' எரேமியா 7இலிருந்து வருவது. அங்கே கண்டனம் ஆலயத்தையே பாதுகாப்பாக நம்பிக்கொண்டு ஏழைகளை ஒடுக்குபவர்கள்மேல்தான். இந்த வாசிப்புகள் எதிலும் நாணயம் மாற்றுவதோ வட்டியோ மையத்தில் இல்லை.

'இயேசு வங்கிக்கே எதிரி' என்று சொல்பவர்களுக்கு அதே மத்தேயுவின் 25ஆம் அதிகாரம் சங்கடம். தன்னிடம் கொடுத்த ஒரு தாலந்தை (அது பெரிய தொகை) மண்ணில் புதைத்த வேலைக்காரனிடம் எஜமான், அதைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு கிடைத்திருக்குமே என்கிறான். இதை வைத்து வட்டிக்கு இயேசு உரிமம் கொடுத்துவிட்டார் என்பதும் அதே அளவு தவறு. அது உவமை, அந்த எஜமான் விதைக்காத இடத்தில் அறுக்கிறவன். ஆலயமும் பணத்தைவிட்டு விலகியிருந்த இடமில்லை. விதவைகளும் அனாதைகளும் பாதுகாப்புக்காக அங்கே பணம் போட்டு வைத்திருந்ததை பழைய யூத வரலாற்று நூலான 2 மக்கபேயரின் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் பக்கம் இன்னும் வெளிப்படை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணம் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு.

மாற்றுத் தொழிலையும் வட்டியையும் பிரித்துப் பார்ப்பதில் இஸ்லாமிய மரபு தெளிவானது. பொன்னுக்குப் பொன், வெள்ளிக்கு வெள்ளி என்றால் சம அளவு, கைக்குக் கை. இனம் வேறானால் விருப்பப்படி விற்கலாம், ஆனால் அப்போதும் கைக்குக் கை என்கிறது நபித்தோழர் உபாதா இப்னு ஸாமித் அறிவிக்கும் ஹதீஸ். இன்றைய ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) முடிவுகளில் பெரும்பாலானவை ஒவ்வொரு நாட்டு நாணயத்தையும் தனி இனமாகக் கொள்கின்றன. ஆகவே ரியாலை ரூபாய்க்கு லாபம் வைத்து விற்பது ரிபா, அதாவது தடைசெய்யப்பட்ட வட்டி, ஆகாது. இன்று ரூபாயை வாங்கிக்கொண்டு அடுத்த மாதம் ரியால் தருகிறேன் என்றால்தான் சிக்கல். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும், பஹ்ரைனில் உள்ள ஆயோஃபி அமைப்பின் முதலாம் ஷரீஆ தரநிலையே நாணய வியாபாரம் பற்றியதுதான்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தப் பிரிவினையை வலியோடு கற்றுக்கொண்டது. வட்டிக்குத் தடை இருந்ததால் இத்தாலிய வங்கிக்காரர்கள் வட்டியை மாற்று விகிதத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். ஃப்ளாரன்ஸில் பணம் கொடுத்து, வேறு நகரத்தில் வேறு நாணயத்தில் வாங்குவதாக எழுதி, உண்மையில் பணம் எங்கேயும் போகாமல் திரும்ப ஃப்ளாரன்ஸிலேயே வசூலிப்பார்கள். இந்த 'உலர்ந்த மாற்றை' 1571இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் தடைசெய்தார். மாற்று என்று பெயர் இருந்தாலே சுத்தம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் மோசமான தவறு. 1933 மார்ச் 4 அன்று பதவியேற்ற அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், நம் நாகரிகம் என்னும் ஆலயத்தின் உயர்ந்த ஆசனங்களிலிருந்து காசுக்காரர்கள் ஓடிவிட்டார்கள் என்று பேசினார். நாடெங்கும் வங்கிகள் மூடிக்கிடந்த நேரம், அவர் சொன்னது வங்கி முதலாளிகளை. அதே உருவகத்தை மிச்சிகன் மாநில வானொலிப் பாதிரியார் சார்ல்ஸ் காஃப்லினும் எடுத்தார். சில ஆண்டுகளில் அவர் பேச்சு வெளிப்படையான யூத வெறுப்பாக மாறியது. 1938இல் அவருடைய பத்திரிகை யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்று காட்டும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஆவணத்தையே அச்சிட்டது. இன்று தமிழில் சுற்றும் 'உலகை ஆளும் காசுக்காரக் குடும்பங்கள்' வகைச் செய்திகள் அந்தக் குப்பையின் மொழிபெயர்ப்புதான். கவிழ்த்தவரும் யூதர், கவிழ்க்கப்பட்டவரும் யூதர், வரிசையில் காசோடு நின்ற ஏழையும் யூதர் என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பிறகு ரோமப் பேரரசன் வெஸ்பாசியன் அந்த வரியை ரத்துச் செய்யவில்லை, ரோமின் ஜூபிடர் கோயிலுக்குத் திருப்பிவிட்டான். பெண்களும் குழந்தைகளும்கூடக் கட்ட வேண்டியதாயிற்று.

சரி, இன்றைய மேசைகள் எங்கே இருக்கின்றன? 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்புவது இங்கே பொதுவான தவறு. லாபம் ரேட்டுக்குள் இருக்கிறது. வாங்கும் ரேட்டுக்கும் விற்கும் ரேட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், அன்றைய சந்தை ரேட்டோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்கள் பலகாலமாக நடத்தும் மணி சேஞ்சர் கடைகளில் ஆர்கேட் கட்டடம் மாதிரி பத்துக் கடை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இடைவெளி சுருங்கும். விமான நிலையத்தில் உள்ளே போனபிறகு இருக்கும் ஒற்றைக் கவுன்ட்டரில் அது விரியும். தொழில் ஒன்றுதான், உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். வெளிநாட்டுக் கடையில் கார்டு மெஷின் 'ரூபாயில் கட்டுகிறீர்களா?' என்று அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தைப் பெரும்பாலும் அந்தக் கடைப்பக்கமே தீர்மானிக்கும்.

வெளிநாட்டுத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தின் செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு பல ஆண்டுகளாக 6 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. மிஷ்னா சொன்ன கொல்போனும் அந்த இடத்தில்தான் இருந்தது. கோபப்பட ஆலயத்துக் கதை தேவைப்படுபவர்கள் இந்த எண்ணையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஃபோரெக்ஸ் ஆப்களைப் பணமாற்றுக் கடையோடு குழப்பிக்கொள்வது இன்னொன்று. அங்கே நீங்கள் நாணயம் மாற்றுவதில்லை, கடன் வாங்கி விலைமேல் பந்தயம் கட்டுகிறீர்கள். 'இஸ்லாமியக் கணக்கு, வட்டி இல்லை' என்ற விளம்பரம் அந்தக் கடனை மறைத்துவிடுவதில்லை. இந்தியாவில் அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 முதல் வெளியிட்டு வருகிறது. பணம் போடும் முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லை என்பதற்காகவே அனுமதி உண்டு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கடைசியாக, யாத்திரை போகிறவர்களுக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்கமாக எடுத்துப்போக முடியும், மீதியைக் கார்டில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹஜ், உம்ரா பயணிகளுக்கு இந்த வரம்பில் விலக்கு உண்டு. எருசலேமுக்குப் போகும் கிறிஸ்தவர்கள் தங்களுக்கும் அதே விலக்கு என்று நினைத்துவிடுகிறார்கள், இல்லை. ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்கினால் 50,000 ரூபாய்க்குள்தான், தொகை அதைத் தாண்டினால் முழுவதையும் வங்கி வழியாகத்தான். திரும்பி வந்தபின் மிச்சம் 2,000 டாலருக்கு மேல் இருந்தால், அந்த அதிகப்படியை 180 நாளுக்குள் உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடமோ வங்கியிடமோ கொடுத்து மாற்றிவிட வேண்டும். ரசீது வாங்க மறக்காதீர்கள்.