கடந்த ஆண்டை நாட்குறிப்பில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கழிந்த பன்னிரண்டு மாதங்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எனக்கும் அது பதினோரு ஆண்டுப் பழக்கம். முதல் நான்கைந்து ஆண்டுகளில் எழுதிய பக்கங்களை இப்போது புரட்டினால், அவற்றில் அந்த ஆண்டுகள் இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் எனக்கிருந்த மனநிலைதான் இருக்கிறது. அப்படி ஆனதற்குக் காரணமான தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வேராக இருப்பது, ஞாபகத்தை மட்டும் நம்பி எழுத உட்காருவது. ஒருமுறை, "இந்த ஆண்டு வேலையைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை" என்று முதல் வரியை எழுதிவிட்டு, வேறு எதையோ தேடுவதற்காகக் கைபேசியில் இருந்த படங்களைத் திறந்தேன். ஜூன் மாதத்துப் படம் ஒன்று கண்ணில் பட்டது. மகளின் சைக்கிளிலிருந்து கழற்றிய இரண்டு சிறிய பக்கச் சக்கரங்கள் தரையில் கிடந்தன. பக்கத்தில் ஒரு ஸ்பேனர். படத்தின் ஓரத்தில் கிரீஸ் அப்பிய என் கட்டைவிரல். அந்தச் சக்கரங்களைக் கழற்றியவனும் நான்தான், அன்று மாலை முழுவதும் சைக்கிள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடியவனும் நான்தான். ஆறே மாதத்தில் அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஓர் அனுபவத்தை நினைவுகூரும்போது, அதன் உச்சக்கட்டமும் முடிவும்தான் நம் மதிப்பீட்டைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதை உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வொன்றில் காட்டினார்கள். அதில் பங்கேற்றவர்கள் ஒருமுறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொருமுறை அதே 60 விநாடியோடு மேலும் 30 விநாடி வைத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. ஒன்றரை நிமிட அனுபவத்திலேயே கணக்கு இப்படிப் பிசகுகிறது என்றால், நவம்பரில் நடந்த ஒரு சண்டை முந்தைய பத்து மாதங்களையும் விழுங்கிவிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, எழுதுவதற்கு முன்னால் தடயங்களைச் சேகரிக்க ஒரு தனி மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். கைபேசிப் படங்கள், நாள்காட்டியில் குறித்தவை, வங்கிக் கணக்கு விவரம், மருந்துச் சீட்டுகள், நெருங்கியவர்களுக்கு அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை ஜனவரியிலிருந்து வரிசையாகப் பார்த்து, மாதத்துக்கு நான்கைந்து வரிகளில் நடந்ததை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அதில் கருத்து எதுவும் வேண்டாம். என் அனுபவத்தில் படங்களைவிட வங்கி விவரம்தான் அதிகம் பேசுகிறது. படம் எடுக்கத் தோன்றிய நாட்களைத்தான் படங்கள் காட்டும். மருத்துவமனைக்குப் போன நாளும், அவசரமாக ஊருக்குப் பயணச்சீட்டு எடுத்த நாளும் செலவுக் கணக்கில்தான் இருக்கும்.

அடுத்த தவறு, இன்றைய அறிவை அன்றைய நாளின் தலையில் ஏற்றுவது. "அந்த வேலை சரிப்படாது என்று எனக்கு அப்போதே தெரியும்" என்று எழுதுவது எளிது. உண்மையில் தெரிந்திருந்ததா? 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன்பு, அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்க வாய்ப்புண்டு என்று மாணவர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள் உளவியல் ஆய்வாளர்கள் பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும். பயணங்கள் முடிந்த பிறகு, முன்பு தாங்கள் சொன்ன மதிப்பீட்டை நினைவுகூரச் சொன்னபோது, நடந்துவிட்டதாகத் தாங்கள் அறிந்த நிகழ்வுகளுக்கு முன்பே அதிக வாய்ப்பு அளித்திருந்ததாகப் பலர் நம்பினார்கள். இந்த ஆய்வு 1975-ல் வெளிவந்தது. நாட்குறிப்பில் இது நிகழும்போது விளைவு கொஞ்சம் கொடுமையானது: முன்பே தெரிந்திருந்தும் செய்தோமே என்று, தெரியாமல் செய்த ஒன்றுக்காக நம்மை நாமே தண்டித்துக்கொள்கிறோம். நான் வேலை மாறியதைப் பற்றி இப்படித்தான் ஒரு பக்கம் முழுக்கப் புலம்பியிருந்தேன். பிறகு, சேர்ந்த வாரத்தில் நண்பருக்கு எழுதிய மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் படித்தால், அதில் ஐயத்தின் சாயல்கூட இல்லை, ஒரே குதூகலம். ஒரு முடிவைப் பற்றி எழுதும்போது, அன்று கையில் இருந்த தகவல் என்ன, அன்று தெரியாமல் இருந்தது என்ன என்று இரண்டையும் தனித்தனியே எழுதிவிட்டு, அதன் பிறகே அது சரியா தவறா என்று யோசிப்பது நல்லது.

ஆண்டுக்கு மதிப்பெண் போடுவதும், "வளர்ச்சி", "தேக்கம்" போன்ற பெரிய சொற்களில் அதை அடக்கிவிடுவதும் இன்னொரு வழக்கமான தவறு. ஐந்தாண்டு கழித்துப் படிக்கும்போது அந்தச் சொற்களுக்கு எந்தப் பொருளும் மிஞ்சியிருக்காது. 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ், டிசம்பர் 31-ஆம் தேதிகளில் ஆண்டைத் தொகுத்து எழுதுவதை வழக்கமாக வைத்திருந்தார். கையிருப்பு எவ்வளவு, உடல்நிலை எப்படி, அலுவலகத்தில் நிலவரம் என்ன என்று அவர் எழுதியதெல்லாம் கைக்கு அகப்படும் செய்திகள். சாதித்தவையும் சாதிக்காதவையும் என்ற இரண்டு பட்டியல்களைவிட, இந்த ஆண்டு யாரோடு அதிக நேரம் இருந்தேன், எதற்காகத் தூக்கம் கெட்டது, எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்ற கேள்விகளுக்கு விடை எழுதினால் பக்கத்துக்கு உயிர் வரும்.

துயரமான ஆண்டைப் பற்றி எழுதும்போது கவனம் கூடுதலாகத் தேவை. மனக்காயங்களை எழுதுவதன் விளைவை ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைக் குறித்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனம் மேலும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவால் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. எழுதிய அன்று அழுகை வந்தால் அதைத் தோல்வியென்று கருத வேண்டியதில்லை என்பதும், எழுதுவதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிகின்றன. எல்லையில்லாமல் எழுதும்போது அது அசைபோடுதலாக மாறிவிடுகிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்ற அதே வரி வெவ்வேறு சொற்களில் மூன்றாவது பக்கமாக வருகிறதென்றால், பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். அந்த நிகழ்ச்சியை மறுநாள் "அவன்", "அவள்" என்று படர்க்கையில் எழுதிப் பார்த்தால் சற்றுத் தொலைவு கிடைக்கும். இழப்பு மிகப் புதிதாக இருந்தால், அதை இந்த ஆண்டின் பக்கங்களில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எழுதிய பிறகும் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது நோட்டுப் புத்தகத்தால் தீரக்கூடியதல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சில சிறிய தவறுகளும் உண்டு. முழு ஆண்டையும் டிசம்பர் 31 இரவிலேயே எழுதித் தீர்ப்பது அவற்றில் ஒன்று. களைப்பில் ஆகஸ்டுக்கு மேல் எல்லாம் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். மூன்று நான்கு அமர்வுகளாகப் பிரித்துக்கொண்டால், ஜனவரி முதல் வாரம் வரை போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. விலையுயர்ந்த நோட்டு, மெழுகுவத்தி, மெல்லிய இசை என்று சடங்கின் அலங்காரத்திலேயே மாலையைக் கழிப்பது இன்னொன்று (அந்த அழகான நோட்டில் கிறுக்க மனம் வராமல் நான் ஓர் ஆண்டையே வீணாக்கியிருக்கிறேன்). யாராவது படிப்பார்கள் என்ற நினைப்போடு எழுதினால், வீட்டில் நடந்த மனத்தாங்கல் கூடக் கண்ணியமான ஒரு வாக்கியமாகிவிடும். ஆகையால் பகிர்வதற்கான குறிப்பை வேண்டுமானால் பிறகு தனியாக எழுதிக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டின் பக்கங்களைப் படிக்காமலேயே இந்த ஆண்டுக்குத் தாவுவதுதான் நான் கடைசியாகத் திருத்திக்கொண்ட தவறு. இப்போதெல்லாம் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் இரண்டு பக்கங்களை வெறுமையாக விட்டு வைக்கிறேன். அடுத்த டிசம்பரில் முதல் வேலையாக அந்த இடத்தில், முந்தைய ஆண்டைப் பற்றித் தாமதமாகப் புரிந்தவற்றைத் தேதியிட்டு வேறு நிற மையில் எழுதுகிறேன். சைக்கிள் சக்கரங்களும் அப்படித்தான் அந்த நோட்டில் பச்சை மையில் இடம்பெற்றன.