பகடையில் பிறக்கும் போர்க்களம்: திருகோணமலை 1782

மேசைமேல் பழைய போர்களை ஆடத் தொடங்குபவர்கள் நடந்ததை நடந்தபடியே அடுக்கிவைப்பார்கள். முடிவு தெரிந்த ஆட்டம் இரண்டாம் முறை சுவைக்காது. எல்லாவற்றையும் பகடையிடம் விட்டால் வரலாறு கைநழுவிப்போகும். எதைப் பகடை தீர்மானிக்கலாம், எதைக் காலம் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். நம் ஊரான திருகோணமலையில் நடந்த போரிலேயே பழகலாம்.

முதலில் மாறாதவற்றை எழுதுங்கள். 1782 ஆகஸ்ட் இறுதியில் தளபதி சஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படை இங்கே படையை இறக்கியது. 30ஆம் திகதி ஆங்கிலேயர் வசமிருந்த திருகோணமலைக் கோட்டை சரணடைந்தது. மறுநாள் ஒஸ்டன்பேர்க் கோட்டையும். செப்டம்பர் 2 மாலைதான் தளபதி ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்கள் தென்பட்டன. (திருகோணமலைக் கோட்டைக்குப் பிரெட்ரிக் கோட்டை என்ற பெயர் 1803இல் வந்தது, உங்கள் வரைபடத்தில் அதை எழுதாதீர்கள்.)

அடுத்து, மாறியிருக்கக்கூடியவை. சில நாள் முந்தியிருந்தால் ஹியூஸ் கோட்டையைக் காப்பாற்றியிருக்கலாம். ஆகவே களச்சூழலின் உயிர் அவர் வரும் நேரத்தில்தான் இருக்கிறது. ஆட்டத்துக்கு 12 சுற்று வையுங்கள். நடுவராக ஒருவர் இரண்டு பகடைகளை மறைவாக உருட்டட்டும். கூட்டுத்தொகை எதுவோ, அந்தச் சுற்றில் கப்பல்கள் தென்படும். இரண்டு பகடை விழக்கூடிய 36 வகைகளில் 7 ஆறு வகையில் வரும். 2உம் 12உம் ஒவ்வொரு வகையில் மட்டுமே. அரிதாக நடப்பது அரிதாகவே நடக்க வேண்டும் என்றால் ஒற்றைப் பகடை உதவாது. நடுவர் கிடைக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை உருட்டுங்கள். 6 விழுந்தால் கப்பல்கள் வந்துவிட்டன.

தரையிறங்கும் இடத்துக்கு ஒரு பகடை: 1 முதல் 4 வரை கோட்டைக்கு வடக்கேயுள்ள குடா, 5உம் 6உம் தெற்கே டச்சுக் குடா. உட்துறைமுகத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அதன் வாயில் ஒஸ்டன்பேர்க் பீரங்கிகளின் முன்னால் இருக்கிறது.

காற்றுக்கும் ஒன்று: 1–4 கச்சான் (தென்மேற்குக் காற்று), 5 காற்றில்லை, 6 கடற்காற்று. பட்டியல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காற்றில்லை என்று விழுந்தால் ஹியூஸின் வரவு ஒரு சுற்று தள்ளிப்போகட்டும். பிரெஞ்சுப் படகுகளும் துடுப்பு வலித்தே கரைசேரட்டும். வரவு 4, காற்று 5, இடம் 5 என்று விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: டச்சுக் குடாவில் மெதுவாக இறங்கும் படை, ஐந்தாம் சுற்றில் அடிவானத்தில் பாய்கள். பிரெஞ்சுத் தரப்பை ஆடுபவருக்கு வியர்க்கும்!

படைபலம் எளிது. பிரெஞ்சுக்காரருக்கு 12 அட்டை. காவற்படைக்கு 4உடன் ஒரு பகடை எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெற்றி நிபந்தனையில் மட்டும் அவசரப்படாதீர்கள். சரணடைந்த காவற்படை சென்னைக்குப் போக அனுமதிக்கப்பட்டது. எனவே சரணடைவதும் ஒரு நகர்வுதான்: உயிரோடு மிஞ்சிய ஒவ்வோர் அட்டைக்கும் ஆங்கிலத் தரப்புக்கு ஒரு புள்ளி, கப்பல்கள் வரும்வரை கோட்டை நின்றால் பத்து. எப்போது வெள்ளைக்கொடி காட்டுவது என்பது கடைசிவரை உறுத்திக்கொண்டிருக்கும்.

உருட்டி முடித்ததும், இரு தரப்புக்கும் வெல்ல வழி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு பட்டியலை மட்டும் மீண்டும் உருட்டுங்கள். கை பழகிய பின் அதே ஆண்டு ஜனவரிக்குப் போகலாம். அப்போது கோட்டைக்குள் ஒல்லாந்தர், வெளியே ஆங்கிலேயர். காற்றுப் பட்டியலில் கச்சானை அடித்துவிட்டு வாடையை எழுதுங்கள்.