வட சென்னையை கஃபேக்குள் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், பெரம்பூர் பக்கம் அலுவலக கேண்டீனை கஃபேயாக மாற்றும்போது, "நம்ம ஏரியா வரலாறு தெரியணும்" என்று சொல்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் வேலை முடிந்து பார்த்தால் காரைக்குடி வந்து உட்கார்ந்திருக்கும்: ஆத்தங்குடி கல், செதுக்கிய தூண், பித்தளை உருளி. அழகுதான், ஆனால் அது செட்டிநாட்டின் அழகு.

இந்தப் பக்கத்துக்கென்று மெட்ராஸ் டெரஸ் இருக்கிறது. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த கூரை. ஜார்ஜ் டவுன் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். உங்கள் கட்டடத்தில் இருந்தால் ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, பெயிண்ட் செதில் செதிலாக உரியும். சுண்ணாம்பையே பூசுங்கள்.

காசிமேடு என்றதும் கூரையில் மீன்வலை தொங்கவிடுவது அடுத்த தவறு. தூசியும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் படியும், நைலான் என்பதால் தீ பட்டால் உருகிச் சொட்டும். ரயில் படத்திலும் கவனம் வேண்டும். ராயபுரத்தில் இருந்துகொண்டு சென்ட்ரல் படத்தை மாட்டுவார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. அந்த ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது, போய் நீங்களே படம் எடுக்கலாம்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு, பெரம்பூரின் பழைய துணி ஆலையான பின்னி மில் விஷயத்தில்தான். செங்கல் சுவர், இரும்புச் சக்கரம், பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம் என்று வைத்துவிட்டு, அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத மாட்டார்கள். இந்த மில் தொழிலாளர்களிடையே 1918இல் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகச் சொல்லப்படுகிறது. திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். மில் தொழிலாளிகளின் குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. சாப்பிடும் இடத்தில் எழுதிவைக்க இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடைக்காது. படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள். வட சென்னையின் குத்துச்சண்டைப் படங்களுக்கும் இதே கதைதான். வெறும் கையுறையை மாட்டாமல், பக்கத்துத் தெருவில் பயிற்சி தருபவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய குத்துச்சண்டைப் பரம்பரையின் படத்தை வாங்கி வையுங்கள்.

அப்புறம், சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சுவரில் எழுதிவிட்டு, வீட்டு டிபன் பாக்ஸைத் திறக்க இடமில்லாத குட்டி வட்ட மேசை போடக் கூடாது. நீள பெஞ்சு, 75 செ.மீ. உயர மேசை, நடுவில் தாராளமாக நடைவழி. கை கழுவும் இடம் நுழைந்ததும் இருக்கட்டும். நின்றுகொண்டே டீ குடிப்பது நம் டீக்கடைப் பழக்கம், அதற்கு 105 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை போதும். மெனுவில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவான அத்தோ இருக்கலாமே!

கடலோரம் என்பதை மறந்து சாதாரண இரும்பில் அலமாரி செய்தால் சீக்கிரமே துருப்பிடிக்கும். ஜிங்க் பூசிய இரும்போ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கேளுங்கள். மரம் வேண்டுமென்றால் இடித்த வீடுகளின் பர்மா தேக்கு பழைய மரக்கடைகளில் கிடைக்கும். ஆணி பிடுங்கி, செல் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள்.