வீட்டுலயே கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவலாம், சூட்டை மட்டும் பாத்துக்கோங்க

ஃபிலிம் கழுவ தனியா டார்க்ரூம் வேணும்னு நினைச்சே நிறைய பேர் தொடங்காம இருக்காங்க. இருட்டு தேவைப்படறது ரோலை எடுத்து ரீல்ல சுத்தி வெளிச்சம் புகாத டேங்க்குள்ள போட்டு மூடுற வரைக்கும்தான், மூடிட்டா மிச்சமெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டே சிங்க் பக்கத்துல செய்யலாம்.

சிங்கப்பூர்ல புது எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடுன்னா பாம் ஷெல்டர் இருக்கும்ல, அரிசி மூட்டையும் சூட்கேஸும் கிடக்குற அதே ரூம், அதை விட நல்ல இருட்டு கிடைக்காது. கதவ மூடிட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, கண்ணு பழகினப்புறம் எங்கயாவது வெளிச்சம் தெரிஞ்சா துணிய வச்சு அடைங்க. கைய மட்டும் உள்ள விட்டு வேல செய்யுற சேஞ்சிங் பேக்லயும் (வெளிச்சம் புகாத பை) செய்யலாம்தான், ஆனா நம்ம ஊர்ல கொஞ்ச நேரத்துலயே உள்ள கை வேர்த்துடும், பிளாஸ்டிக் ரீல்ல துளி ஈரம் பட்டாலும் ஃபிலிம் பாதியில சிக்கிக்கும். என் முதல் ரோல் அப்படித்தான் மடங்கி, தைப்பூசத்துல எடுத்த படம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு, இன்னமும் மனசு ஆறல. அதனால வீணான ரோல் ஒண்ண வச்சு முதல்ல வெளிச்சத்துல, அப்புறம் கண்ண மூடிக்கிட்டு பத்து தடவ சுத்திப் பழகிக்கோங்க.

அடுத்தது சூடு. ஃபிலிம்ல படத்த வெளிய கொண்டு வர்ற ரசாயனம்தான் டெவலப்பர், அதோட நேரக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்குப் போட்டது, நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணியே 28, 29 இருக்கும், அப்படியே ஊத்தினா படம் ஓவரா கறுத்துடும். நான் 24 டிகிரியில நிறுத்திக்குவேன், அது பிடிச்சு வைக்க சுலபம். பேசின்ல ஐஸ் போட்டு டெவலப்பர், அதோட வேலைய நிறுத்துற ஸ்டாப் பாத், படத்த நிலைக்க வைக்கிற ஃபிக்சர், அலசுற தண்ணி எல்லாத்தையும் உள்ள வச்சு தெர்மோமீட்டர் 24 காட்டுற வரைக்கும் பொறுமையா இருங்க.

இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு, ஐடி-11ங்கிற டெவலப்பர்ல ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்தா 20 டிகிரியில 13 நிமிஷம், 24ல சுமார் 9. ஒரு 35 எம்எம் ரோலுக்கு 300 எம்எல் போதும். ஊத்தினதும் 10 செகண்டுல நாலு தடவ கவுத்து நிமித்துங்க, அப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் அதே மாதிரி, நடுவுல டேங்க்க பேசின்லயே வைங்க, டேங்க்க தரையில லேசா தட்டினா காத்துக் குமிழி போயிடும். அந்த டெவலப்பரக் கொட்டிடுங்க, திரும்ப ஆகாது.

ஸ்டாப் பாத் அரை நிமிஷம், ரேப்பிட் ஃபிக்சர் அஞ்சு நிமிஷம். ஃபிக்சருக்கு இன்னும் வேல செய்யுதான்னு சந்தேகமா இருந்தா ஃபிலிம் நுனிய வெட்டிப் போட்டுப் பாருங்க, பால் மாதிரி இருக்கறது தெளிய எவ்வளவு நேரமோ அதுல ரெண்டு மடங்கு வைங்க.

அப்புறம் தண்ணி நிரப்பி 5 தடவ கவுத்துக் கொட்டி, புதுத் தண்ணியில 10, திரும்பவும் புதுசுல 20. கடைசியா தண்ணிக் கறை விழாம இருக்க வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு, பாத்ரூம்ல கிளிப் போட்டுத் தொங்க விடுங்க. ஃபேன் போடாதீங்க, தூசி ஒட்டிக்கும்.

ஃபிக்சர பாட்டில்ல மூடி வச்சு அடுத்த ரோலுக்கும் பயன்படுத்தலாம், தேஞ்சப்புறம் சிங்க்ல ஊத்தாதீங்க, அதுல வெள்ளி கரைஞ்சிருக்கு, ஃபிலிம் கழுவுற கடையில வாங்கிப்பாங்களான்னு கேட்டுக் குடுங்க.