நட்சத்திர அணி தோற்றுக்கொண்டே போனால் என்ன செய்வது

நண்பர்கள் நாலு பேர், ஆளுக்கொரு அணி, வெவ்வேறு காலத்து பேஸ்பால் ஜாம்பவான்கள், ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் பகடை விளையாட்டின் அட்டைகள் (ஒவ்வொன்றும் ஒரு வீரரின் ஒரு வருட ஆட்டம்), 162 ஆட்டங்கள். எல்லாம் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டித்தான். என்னிடம் 1924-இல் .424 (அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 424 ஹிட் என்ற விகிதம்) அடித்த ஹார்ன்ஸ்பி, 1941-இல் .406 அடித்த டெட் வில்லியம்ஸ், 1930-இல் 56 ஹோம்ரன் அடித்த ஹாக் வில்சன் எல்லோரும் இருந்தார்கள். 102 ஆட்டங்கள் முடிந்தபோது 36 வெற்றி, 66 தோல்வி.

அட்டைகளை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று தோன்றும். தொடங்காதீர்கள். முதலில் ஒரு கணக்கு. உங்கள் அணி எடுத்த ரன்னை அதே எண்ணால் பெருக்குங்கள், கொடுத்த ரன்னையும் அப்படியே. முதல் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், நியாயமாக வந்திருக்க வேண்டிய வெற்றி விகிதம் கிடைக்கும். பேஸ்பால் புள்ளிவிவர நிபுணர் பில் ஜேம்ஸ் சொன்ன சூத்திரம் இது. நான் எடுத்தது 430, கொடுத்தது 508. கணக்குப்படி 43 வெற்றி. ஆக, ஏழு ஆட்டம் பகடை செய்த வேலை, அதற்கு மருந்து கிடையாது. ஆனால் 102-இல் 43 என்பதும் தோற்கிற அணிதான். அது நான் அணி கட்டிய விதம்.

இவ்வளவு அடிப்பவர்களை வைத்துக்கொண்டு எப்படித் தோற்க முடியும்? 1930 ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸைப் பாருங்கள். அணி முழுதும் சேர்ந்து .315 அடித்தது, சக் க்ளைன் மட்டும் .386. ஆனால் 1,199 ரன்களைக் கொடுத்து 102 ஆட்டம் தோற்றார்கள்.

இந்த விளையாட்டிலும் அதே கதைதான். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்கிறோம். 4, 5, 6 என்றால் பந்து வீசுபவரின் அட்டை. பாதி நேரம் டெட் வில்லியம்ஸின் அட்டையை யாரும் பார்ப்பதே இல்லை, எதிரே பந்துவீச்சாளர் பாப் கிப்சனின் 1968 அட்டை பேசிக்கொண்டிருக்கும். நட்சத்திரங்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இருபது ஆட்டங்களுக்கு, எதிரணி ரன் எடுத்த ஒவ்வொரு இன்னிங்ஸும் எதில் தொடங்கியது என்று எழுதுங்கள்: ஹோம்ரனா, வாக்கா (நாலு தவறான பந்துக்கு அடிப்பவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), தடுப்பில் விட்டதா. சலிப்பான வேலைதான், ஆனால் எனக்கு வழி காட்டியது இதுதான். பக்கத்துக்குப் பக்கம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் தடுப்பாளர்) என்றே வந்தது. பந்து வீசுபவரின் அட்டையில் எக்ஸ் குறி விழுந்தால் தடுப்பாளரின் மதிப்பைப் பார்க்க வேண்டும். 1 சிறந்தது, 5 மோசம். அந்த எக்ஸ் அதிகம் போவது ஷார்ட்ஸ்டாப்புக்கும் செகண்ட் பேஸுக்கும். நன்றாக அடிக்கிறாரே என்று அங்கே 4 மதிப்புள்ளவரை நிறுத்தியிருந்தேன்.

அந்த இருபதில் ஏழுதான் ஜெயித்தோம். சரி என்று ஹாக் வில்சனைக் கொடுத்து ஷார்ட்ஸ்டாப் ஓஸி ஸ்மித்தின் 1987 அட்டையைக் கேட்டேன். “ஹாக்கையா தர்றே?” என்று நண்பன் இரண்டு தடவை கேட்டான். அந்த வருடம் ஓஸி ஒரு ஹோம்ரன்கூட அடிக்கவில்லை. ஆனால் .303 அடித்தார், தடுப்பில் 1.

மாற்றம் செய்வதென்றால் இப்படி ஒரே ஓட்டையைப் பார்த்துச் செய்யுங்கள். ஐந்து பேரை ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. செய்த பிறகு நோட்டை மூடிவிடாதீர்கள், அடுத்த இருபது ஆட்டங்களையும் எழுதுங்கள்.

மிச்சம் 40 ஆட்டங்களில் 20 ஜெயித்தோம். மொத்தம் 63-99, கடைசி இடம். இப்போது நோட்டில் அதிகம் வருவது வாக். அடுத்த பருவத்துக்கு அட்டை தேர்ந்தெடுக்கும்போது, வாக் கொடுக்காத பந்துவீச்சாளர்களைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.