பிறருக்காக ஆய்வுக் கட்டுரை எடுத்துத் தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர்களுக்கு அவ்வப்போது ஆய்விதழ்க் கட்டுரைகளை எடுத்துத் தருவேன். அவர்களுக்கு வேண்டியது பணம் கட்டினால்தான் திறக்கும், பக்கத்தில் பல்கலைக்கழக நூலகமும் இருக்காது, என்னிடம் அணுகல் இருந்தால் பத்து நிமிட வேலை. இன்னும் நிறைய பேர் இதைச் செய்ய வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். ஆனால் திரும்பத் திரும்ப அதே தவறுகள் நடக்கின்றன, அதில் சில நானே செய்தவை.

எல்லாவற்றிலும் பெரியது, நம் நூலகக் கணக்கின் கடவுச்சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடுவது. "நீங்களே உள்ளே போய் எடுத்துக்கோங்க" என்று ஒருமுறை நானும் கொடுத்தேன். வாங்கியவர் நல்லவர்தான், ஆனால் ஒரே இரவில் நூற்றுக்கும் மேல் இறக்கிவிட்டார், என் கணக்கை முடக்கிவிட்டார்கள். கணக்கோடு போனால் பரவாயில்லை, சில சமயம் நிறுவனத்துக்கே கதவு அடைபடும். 2010 அக்டோபரில், ஆரன் சுவார்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கட்டுரைகளைக் கூட்டம் கூட்டமாக இறக்கிக்கொண்டிருந்தபோது, ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோர் அந்த வளாகம் முழுவதற்கும் சில நாட்கள் அணுகலை நிறுத்தியது. பிறகு அவர்மேல் போட்ட வழக்கு அநியாயம் என்பதுதான் என் கருத்து, அது தனிப் பேச்சு. நாம் செய்யும் உதவியால் சம்பந்தமே இல்லாத ஒரு மாணவரின் படிப்பு நிற்கக்கூடாது. அதனால் கேட்ட கட்டுரையை நீங்களே எடுத்து, கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். டெலிகிராம் குழுவில் போட்டுவைப்பது வேண்டாம், முழுப் புத்தகத்தையும் வருடிக் கொடுப்பதும் வேண்டாம், தேவையான பக்கங்கள் போதும்.

கேட்பவருக்கே அணுகல் கிடைக்குமா என்று பார்க்காமல் விடுவது அடுத்தது. விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்குக் கட்டண ஆய்விதழ்களை இலவசமாகத் திறந்துவிடும் விக்கிப்பீடியா நூலகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய தகுதி: 500 தொகுப்புகள் (பக்கங்களில் செய்த திருத்தங்கள்), ஆறு மாதக் கணக்கு, கடந்த ஒரு மாதத்தில் 10 தொகுப்புகள், தடை எதுவும் இருக்கக்கூடாது. தமிழில் செய்த தொகுப்புகளும் கணக்கில் சேரும். இந்தத் தகுதி இருந்தும் தெரியாமல் மற்றவரிடம் கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு எழுதாதவராக இருந்தாலும், ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கி மாதம் 100 கட்டுரைகள் வரை இணையத்திலேயே படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 'நூலகம்' என்ற பெயரிலேயே உள்ள தளம், பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், எல்லாமே இலவசம்.

சரி, எனக்கு உண்மையில் வருத்தம் தருவது இனி சொல்லப்போவதுதான். ஒரே ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு "அப்படி எதுவும் இல்லை" என்று பதில் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் அதை நம்பி, அந்தத் தலைப்பையே விட்டுவிடுவார். சோழர் என்பதைச் செய்தித்தாள்கள் 'சிஎச்' போட்டு எழுதும், தமிழியல் ஆய்விதழ்கள் பல வெறும் 'சி' போட்டு, ழகரத்துக்கு 'எல்' எழுத்தின் கீழே கோடிட்டு எழுதும். திருக்குறளை முதல் எழுத்துக்குப் பின் 'எச்' சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை தேட வேண்டும். ஆங்கிலேயர் காலத்து இதழ் என்றால் தஞ்சாவூரை டாஞ்சூர் என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் ராமநாதபுரத்தை ராம்நாட் என்றும் தேடாமல் ஒன்றும் கிடைக்காது. பழைய செய்தித்தாள்களில் இதுவும் போதாது, மங்கிய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகப் படித்து வைத்திருக்கும், தேதியைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் எந்தெந்தச் சொல்லில் தேடினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம்.

அப்புறம் இணைப்பு. நூலகத்தின் வழியாக உள்ளே போனபின் முகவரிப் பட்டையில் தெரிவதை அப்படியே நகலெடுத்து அனுப்பினால், அதில் உங்கள் நூலகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், கேட்டவர் சொடுக்கினால் உள்நுழைவுப் பக்கத்தில் போய் நிற்பார். விக்கிப்பீடியா மேற்கோள்களிலும் இப்படிப்பட்ட இணைப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அதைக் கொடுங்கள். கூடவே இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்க எண்கள் வேண்டும், இவை இல்லாத பிடிஎஃப்பை வைத்து மேற்கோள் காட்ட முடியாது.

கேட்பவர்களுக்கும் ஒன்று. "சோழர் கப்பற்படை பற்றி ஏதாவது இருந்தா அனுப்புங்க" என்று கேட்காதீர்கள். ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு என்று தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள், எந்த வரிக்குச் சான்று தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பாதி நேரம் அதைவிடப் பொருத்தமான வேறு கட்டுரை எங்கள் கண்ணில் படும். கிடைத்ததும் "வந்துவிட்டது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், வேறு யாரோ அதே கட்டுரையை இன்னமும் தேடிக்கொண்டிருப்பார்.