வார இறுதியில் ஆக்டிங் டிரைவர் வேலை: சாவியை வாங்கும் முன்

கார் வைத்திருப்பார்கள், ஆனால் நெடுந்தூரம் ஓட்டத் தெம்பு இருக்காது. கல்யாணம், குலதெய்வம் கோயில், திருப்பதி என்று கிளம்பும்போது ஒரு நாளைக்கு மட்டும் ஓட்ட ஆள் தேடுவார்கள். அந்த ஆள்தான் ஆக்டிங் டிரைவர். வேலை பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் வரும் என்பதால் மாதச் சம்பளக்காரருக்குத் தோதானது.

அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்க நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. தனியாரில் இருப்பவர்கள் பணி நியமன ஆணையில் வேறு வேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளை போர்டு காருக்கு, அதாவது சொந்த உபயோகக் காருக்கு, இலகுரக வாகன உரிமம் போதும். ஆனால் அதில் ஓனரும் அவர் குடும்பமும் போக வேண்டும். ஓனர் யாரோ ஒருவரிடம் வாடகை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்புகிறார் என்று தெரிந்தால் ஒதுங்கிவிடுங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். ஒழுங்கான பயணத்திலும் ஒரு ஓட்டை உண்டு. பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளருக்கு மட்டும்தான். சம்பள ஓட்டுநருக்கான பிரிவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பங்குக்கு வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்: வருடத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

தகராறு வருவது பெரும்பாலும் கூலியால் அல்ல, நேரத்தால். சென்னையிலிருந்து திருப்பதி சுமார் 140 கிலோமீட்டர்தான். தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பது பெருமாளுக்கே வெளிச்சம். அதனால் கிலோமீட்டர் கணக்குப் பேசாதீர்கள், மணிக்கணக்குப் பேசுங்கள். காத்திருப்பும் வேலை நேரம்தான். இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு, தாண்டினால் மணிக்கு இவ்வளவு, சாப்பாடு யார் செலவு, இரவு தங்கினால் பேட்டா எவ்வளவு, படுக்க இடம் எங்கே, வெளியூரில் விட்டுவிட்டுத் திரும்பினால் பஸ் கட்டணம் யார் தருவது: எல்லாவற்றையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு திரும்பி வரும்போது மறந்துபோயிருக்கும்.

அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். காரைச் சுற்றி வந்து நான்கு பக்கமும் கீறல், நசுங்கல் தெரியப் படம் எடுங்கள். ஓடோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் சேர்த்து. டயர் காற்று, ஸ்டெப்னி, ஜாக்கி, வைப்பர், ஃபாஸ்டேக் இருப்பு பாருங்கள். ஓனர் கண்ணெதிரே தெருவில் ஒரு சுற்று ஓட்டி கிளட்ச், பிரேக் பழகிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் பழக்கமில்லை என்றால் அப்படிச் சொல்லி மறுப்பதில் வெட்கமில்லை.

மலைப்பாதைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாம் கியர் அல்லது முதல் கியரில் இறங்குங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். மேலே ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டியவர் நீங்கள்தான். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி ஓனருக்கு முன்பே நினைவூட்டுங்கள்.

தூக்கம் விஷயத்தில் கறாராக இருங்கள். வெள்ளிக்கிழமை நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுச் சனி விடியலில் சாவி வாங்காதீர்கள். அதிகாலை 2 முதல் 5 மணிவரை கண் தானாகச் சொருகும், டீ அதைத் தடுக்காது. அந்த நேரப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஞாயிறு மாலை 6 மணிக்குள் வீடு திரும்பாத டிரிப் திங்கள்கிழமையைத் தின்றுவிடும். காத்திருக்கும்போது தூங்கலாம், ஆனால் கண்ணாடியை மூடி ஏசி போட்டுக்கொண்டு வேண்டாம். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் எழுந்திருக்கவே முடியாது.

திரும்பியதும் அதே படங்களை மறுபடி எடுத்து, பணத்தை வாங்கிய பின் சாவியைக் கொடுங்கள். வருமான வரிக் கணக்கில் இந்தப் பணத்தையும் காட்ட வேண்டும். தொழில் வருமானமாகக் காட்டினால் ஐ.டி.ஆர்-1 படிவம் செல்லாது. வண்டி எண், தேதி, எடுத்த நேரம், விட்ட நேரம் ஒரு நோட்டில் இருக்கட்டும். வேக கேமரா அபராதம் பிறகுதான் ஓனருக்குப் போகும். அப்போது ஓட்டியது நீங்களா, அவர் மகனா என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.